மறுமொழி: மறுபயன்பாட்டு ராக்கெட்டுக்குச் சுருக்கமான சொல்

> 'மீள்கலம்' என்றே வைத்துவிடலாமே ஐயா. சுருக்கம், நாக்கிலும் நிற்கிறது.

நாக்கில் நிற்கிறது, பொருளில் நிற்கவில்லை. ரஷ்யாவின் சோயுஸ் விண்கலத்தில் வீரர்கள் அமர்ந்து இறங்கும் பெட்டி கசக்ஸ்தான் புல்வெளிக்கு மீண்டு வருகிறது, மறுபடி பறப்பதில்லை. அதுவும் மீள்கலம்தானா?

திரும்பி வருவது வேறு, திரும்ப ஏவப்படுவது வேறு. ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ஃபால்கன் 9 ராக்கெட்டின் முதல் அடுக்கு (ஏவும்போது முதலில் எரியும் அடிப்பகுதி) 2015 டிசம்பரில் கேப் கனாவரலில் நின்றபடி தரையிறங்கியது. உலகமே கைதட்டியது. அந்த அடுக்கு அதன்பின் பறக்கவே இல்லை, காட்சிக்கு நிறுத்திவிட்டார்கள். வேறொரு அடுக்கு 2017 மார்ச்சில் இரண்டாம் முறை பறந்தபோதுதான் செலவைப் பற்றிப் பேசவே வழி பிறந்தது. இறங்குவதற்கென்று எரிபொருள் ஒதுக்குவதால் ஏற்றும் சுமை குறைகிறது. ஆகவே இறங்கியதோடு நின்றால் நட்டம்தான்.

'மறுபயன்பாடு' தவறில்லை, ஆனால் தளர்வான சொல். 1981 முதல் 2011 வரை 135 முறை ஏவப்பட்ட அமெரிக்க விண்ணோடமும் (ஸ்பேஸ் ஷட்டில்) மறுபயன்பாடுதான். செலவு குறைந்ததா? ஒவ்வொரு முறையும் வெப்பக்காப்பு ஓடுகளைச் சரிபார்த்து, அட்லாண்டிக்கில் விழுந்த பக்கவாட்டு உந்திகளை இழுத்துவந்து பிரித்துக் கழுவி, பெரிய எரிபொருள் தொட்டியை மட்டும் புதிதாகச் செய்தார்கள். லாரி ஓடிய நாளைவிட எஃப்.சி.க்கு (தகுதிச் சான்றுக்கு) நின்ற நாள் அதிகம் என்றால் வாடகை எப்படிக் குறையும்?

என் முன்மொழிவு: திரும்ப ஏவுவது 'மீளேவல்'. அதற்கேற்ற அடுக்கு 'மீளேவு அடுக்கு'. கடலிலோ தரையிலோ கைப்பற்றுவது 'மீட்பு'. இடையில் நடக்கும் வேலை 'செப்பனிடல்'. ஏவூர்தி முழுவதையும் 'மீளேவூர்தி' என்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஃபால்கனில் பத்து எஞ்சின்களில் ஒன்பது முதல் அடுக்கில் இருக்கின்றன. அது திரும்புகிறது, இரண்டாம் அடுக்கு தொலைந்துபோகிறது. எரிபொருள் விலை மொத்தச் செலவில் சிறு பங்கே. பணமெல்லாம் எஞ்சினிலும் உடலிலும் இருப்பதால், எந்த அடுக்கு திரும்புகிறது என்பதைச் சொல்லே காட்டட்டும். 20 முறைக்கு மேல் பறந்த முதல் அடுக்குகளும் இப்போது உண்டு.

(செய்தித்தாள்கள் இதையும் 'ஏவுகணை' என்றே எழுதுகின்றன. அது ஆயுதம். அந்தச் சண்டையைத் தனி இழையில் போடுவோம்.)

---

> மீளேவு அடுக்கு

ஐயா, சொல் பிடித்திருக்கிறது, ஒரு சிக்கல். இஸ்ரோவின் சிறகுள்ள சோதனைக் கலமான புஷ்பக்கை 2023-லும் 2024-லும் கர்நாடகத்தின் சள்ளக்கெரே அருகே ஹெலிகாப்டரிலிருந்து விடுவித்து ஓடுபாதையில் இறக்கினார்கள். அது அடுக்கும் அல்ல, அங்கே ஏவலும் நடக்கவில்லை.

---

நல்ல கேள்வி. சோதித்தது இறக்கத்தை மட்டும்தான் என்பதால் அதை 'இறங்கு சோதனை' என்போம். விண்ணுக்குப் போய்த் திரும்பி, மறுபடி போகும் நாளில் 'மீளேவு கலம்' என்று அழைக்கலாம். ஃபால்கனின் உச்சியில் செயற்கைக்கோளை மூடியிருக்கும் மூக்குக் கவசத்தின் இரு பாதிகளையும் கடலிலிருந்து எடுத்துத் திரும்பப் பூட்டுகிறார்களே, அதற்கு 'மீளேவு கவசம்' ஒட்டுமா, 'மீள்பூட்டுக் கவசம்' தேவையா? பொறியாளர்கள் யாராவது சொல்லுங்கள்.