7 வயது மகளுக்கு மூக்கு ஆபரேஷன் இப்போதே செய்யலாமா?

மணப்பாறை அம்மா:
மகளுக்குப் பிறக்கும்போதே இடது பக்கம் உதட்டுப் பிளவும், வாயின் மேல்கூரையான அண்ணத்தில் பிளவும் இருந்தன. 3 மாதத்தில் உதடு, 1 வயதுக்குள் அண்ணம் என்று இரண்டு ஆபரேஷன் முடிந்து, பேச்சும் நன்றாக வந்துவிட்டது. மூக்குதான் இடது பக்கம் அமுங்கி, நுனி கோணலாக இருக்கிறது. பள்ளியில் ஒரு பையன் சப்பை மூக்கு என்று கூப்பிட்டதிலிருந்து போட்டோ எடுத்தால் கையால் மூடிக்கொள்கிறாள். டாக்டர் 15, 16 வயது வரை பொறுக்கச் சொல்கிறார். வேறு இடத்தில் இப்போதே செய்துவிடலாமா? மாமியார் வேறு, கிரகணத்தன்று நான் வெளியே வந்ததால்தான் என்று இன்னும் சொல்கிறார்.

ஒரு அப்பா:
அவசரப்படாதீர்கள் சகோதரி. மூக்கின் நடுச்சுவர்தான் முகத்தின் நடுப்பகுதி வளரவே துணை நிற்கிறது, அதைச் சின்ன வயதில் வெட்டித் திருத்தினால் வளர்ச்சி குன்றிவிடலாம் என்றுதான் பெண்களுக்கு 15, 16 வரை, பையன்களுக்கு இன்னும் ஓரிரு வருடம் கூடுதலாகக் காத்திருக்கச் சொல்கிறார்கள். என் மகனுக்கு 18 வயதில் விலா குருத்தெலும்பை எடுத்து நுனியைத் தூக்கி நிறுத்தினார்கள். மூக்கை விட நெஞ்சு வலிதான் அதிகம் என்றான். உங்களுக்கு அதற்கு முன்பே ஒரு கட்டம் இருக்கிறது. பிளவு ஈறு வரை போயிருந்தால் 8 முதல் 11 வயதுக்குள், கோரைப்பல் முளைக்கும் முன், இடுப்பெலும்பிலிருந்து கொஞ்சம் எலும்பு எடுத்து ஈறுப் பிளவில் வைப்பார்கள். அமுங்கிய பக்கத்துக்கு அடியில் தாங்கலும் கிடைக்கும். அதை இப்போதே கேளுங்கள்.

பிளவோடு பிறந்தவள்:
எனக்கு இப்போது 24. கோணல் ரொம்ப அதிகமாக இருந்தால் சிலருக்கு இடையிலேயே நடுச்சுவரைத் தொடாமல் நுனியை மட்டும் சீர் செய்கிறார்கள், அப்புறம் பெரியவளானதும் முழு ஆபரேஷன். அதையும் கேட்டுப் பாருங்கள். வாயைத் திறந்து தூங்குகிறாளா, குறட்டை விடுகிறாளா என்றும் கவனித்துச் சொல்லுங்கள், மூச்சு அடைத்தால் கணக்கே வேறு. கிரகணத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை அக்கா. கருவில் 4 முதல் 7 வாரத்துக்குள் உதட்டின் பாகங்கள் ஒன்று சேராததுதான் உதட்டுப் பிளவு. பலருக்குக் கர்ப்பம் என்றே அப்போதுதான் தெரியவரும். என் அம்மா இருபது வருடம் அந்தப் பழியைச் சுமந்தார், நீங்கள் சுமக்காதீர்கள்.

ஒரு நர்ஸ்:
செலவுக்குப் பயந்து தள்ளிப்போட வேண்டாம். பள்ளிக்கு வரும் ஆர்.பி.எஸ்.கே. (அரசின் இலவசக் குழந்தைகள் நலத் திட்டம்) டாக்டர் குழுவிடம் சொல்லுங்கள், 18 வயது வரை பிளவு அதன் பட்டியலில் இருக்கிறது.

மணப்பாறை அம்மா:
குறட்டை உண்டு, அதை நான் சளி என்று நினைத்திருந்தேன். ஈறு விஷயத்தை யாரும் சொல்லவில்லை. திங்கட்கிழமை முதலில் டீச்சரைப் பார்க்கிறேன், அப்புறம் டாக்டர்.