புதுப்பிப்பு: கன்னிசன் கடற்கரைக்குப் போய் வந்துவிட்டேன்

நியூயார்க்குக்கு அருகே, ஆடையின்றி இருக்க அனுமதியுள்ள கன்னிசன் கடற்கரைக்குப் போகலாமா, கூச்சமாக இருக்குமா என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். சனிக்கிழமை போய் வந்தேன்.

மன்ஹாட்டனிலிருந்து படகில், அந்தக் கடற்கரை இருக்கும் சாண்டி ஹூக் தீபகற்பத்துக்குப் போனேன். அங்கே 1764-இல் கட்டிய கலங்கரை விளக்கம் இன்றும் ஒளிர்கிறது. கடற்கரை நிலம் அமெரிக்க மத்திய அரசின் தேசியப் பூங்காத் துறையுடையது. ஆடையின்றி இருக்கும் இந்தச் சுதந்திரம் நிலைத்திருப்பது அதனால்தான்.

கூச்சம் முதல் பத்து நிமிடம்தான். யாரும் யாரையும் உற்றுப் பார்க்கவில்லை. மார்பில் அறுவைத் தழும்போடு ஒரு மூதாட்டி நிமிர்ந்து நடந்து போனார். என் வயிற்றுத் தழும்பை மறைத்தே கழித்த ஆண்டுகளை நினைத்தேன், கண் கலங்கிவிட்டது.

போகிறவர்களுக்கு: ஆடை களைவது கட்டாயமில்லை. கைபேசி பையிலேயே இருக்கட்டும். நிழல் கிடையாது, குடை அவசியம். அடுத்த முறை அக்காவும் வருகிறாள்.