பக்கத்துக் கலம் புற்றுநோய் ஸ்டெம் கலத்துக்கு எந்த வழியால் உதவுது? பிரித்துக் காட்டுவது எப்படி?

வந்தாறுமூலை_இறுதியாண்டு
ஆய்வு முன்மொழிவு ஒன்றுக்காகக் கேட்கிறேன். வாய்ப் புற்றுநோய்க் கலவரிசை (ஆய்வுகூடத்தில் தொடர்ந்து வளர்க்கும் கலங்கள்) ஒன்று, பைப்ரோபிளாஸ்ட் (இணைப்பிழையக் கலம்) ஒன்று. கட்டிக்குள் இருக்கும் அயற்கலங்கள், தம்மைத் தாமே புதுப்பித்துக் கட்டியை வளர்க்கும் ஸ்டெம் கலங்களை எப்படித் தாங்கிப் பிடிக்கின்றன என்பதுதான் கேள்வி. பைப்ரோபிளாஸ்ட் வளர்ந்த ஊடகத்தை ஊற்றி, கோளங்கள் (ஸ்டெம் கலம் பெருகி உருவாகும் உருண்டைகள்) கூடுதா என்று எண்ணினால் போதுமா? நொட்ச் (கலமேற்பரப்பு வாங்கி வழியான சைகை), இன்டர்லியூக்கின்-6 (கலம் சுரக்கும் சைகைப் புரதம்), எக்சோசோம் (கலம் வெளிவிடும் நுண்பை) மூன்றில் எது வேலை செய்தது என்று எப்படிச் சொல்வது? 0.22 மைக்குரோனில் வடித்தால் எக்சோசோம் போய்விடும்தானே?

கல்லடி_கழிமுகம்
போதாது. முதலில் தூரத்தை வைத்துப் பிரியுங்கள். நொட்ச் சைகை ஊடகத்தில் மிதந்து வராது. சைகையைப் பெறும் புரதமான வாங்கி ஒரு கலத்தின் மென்சவ்வில், அதைத் தொடும் ஜாகிட்-1 புரதம் அடுத்த கலத்தின் மென்சவ்வில். தொட்டால் மட்டும் போதாது, அடுத்த கலம் பிடித்து இழுக்க வேண்டும். அந்த இழுவையில்தான் வாங்கி விரிந்து வெட்டுப்பட்டு, உள்துண்டு கருவுக்குப் போகும். அதனால்தான் ஜாகிட்-1 புரதத்தைச் சும்மா ஊடகத்தில் கரைத்து ஊற்றினால் பலன் வராது, சில நேரம் எதிராகவும் வேலை செய்யும். தட்டில் பூசி ஒட்டவைக்க வேண்டும்.

ஆகவே மூன்று கிணறு: கலந்து வளர்த்தது, 0.4 மைக்குரோன் சவ்வால் பிரித்தது, ஊடகம் மட்டும். கலந்ததில் மட்டும் கோளம் கூடினால் தொடுகைதான் காரணம் என்று சந்தேகிக்கலாம். அப்பவும் நொட்ச் என்று எழுதிவிட வேண்டாம். அடுத்தடுத்த கலங்களை இணைக்கும் நுண்வழிகளான கொனெக்சின் இடைவெளிச் சந்திகளும் தொடுகைதான், ஏறத்தாழ 1 கிலோடாற்றனுக்குக் குறைந்த மூலக்கூறுகள் அதற்குள்ளால் கடக்கும்.

நொட்ச் தடுப்பானான டாப்ட் 10 மைக்குரோமோலார் போட்டு நிறுத்திப் பார்ப்பது வழக்கம். ஆனால் அது தடுக்கும் காமா-செக்ரிற்றேஸ் நொதியம் வேறு கலமேற்பரப்புப் புரதங்களான சீடி44-ஐயும் ஈ-கத்தெரினையும் வெட்டும். ஸ்டெம் கலத்துக்கு நீங்கள் எண்ணப்போகிற அடையாளமே சீடி44 என்றால் முடிவு குழம்பும். நொட்ச் இயக்கும் மரபணுவான ஹெஸ்-1 குறைந்ததா என்று பாருங்கள், நொட்ச்-1-ஐ ஆர்.என்.ஏ. குறுக்கீட்டாலும் அடக்கிப் பாருங்கள். இன்னொன்று: தலை, கழுத்துப் புற்றுகளில் ஒரு பகுதியில் நொட்ச்-1 செயலிழந்தே இருக்கும், இது 2011இல் வெளிவந்த விடயம். உங்கள் கலவரிசையில் அது உயிரோடு இருக்கா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். இல்லாவிட்டால் ஆறு மாதம் வீண்.

சம்மாந்துறை_நுணுக்குக்காட்டி
எக்சோசோம் 30 முதல் 150 நனோமீற்றர். 0.22 வடியாலும் 0.4 சவ்வாலும் தாராளமாகப் போகும். மையநீக்கிதான் வழி: 300 ஜி (புவியீர்ப்பின் 300 மடங்கு) 10 நிமிடம், 2,000 ஜி 20 நிமிடம், 10,000 ஜி 30 நிமிடம், பிறகு 100,000 ஜி 70 நிமிடம், எல்லாம் 4 பாகையில். முதல் மூன்றிலும் அடியில் தங்குவதை வீசுங்கள். கடைசியில் அடியில் தங்கியதையும் மேல்நீரையும் தனித்தனியே ஊற்றிச் சோதியுங்கள். கையேட்டில் சுற்று எண்ணிக்கை எழுத வேண்டாம், றோட்டர் மாறினால் கணக்கு மாறும், ஜி-யை எழுதுங்கள்.

அந்த இயந்திரம் கையில் இல்லையென்றால் 100 கிலோடாற்றன் வடி. எக்சோசோம் மேலே நிற்கும், இன்டர்லியூக்கின்-6 சிறியது, கீழே இறங்கும். பெரிய புரதக் கூட்டங்களும் மேலே நிற்கும் என்பது அதன் குறை. கீழே இறங்கியது வேலை செய்தால், இன்டர்லியூக்கின்-6 எதிர்ப்புடலைப் போட்டுப் பாருங்கள், அதே வகைச் சாதாரண எதிர்ப்புடல் பக்கத்தில் கட்டுப்பாடாக.

மாட்டுச் சீரம் கூடவே கூடாது. அதிலேயே மாட்டு எக்சோசோம் நிறைய இருக்கு, ஸ்டெம் கலங்களும் அதில் வேறுபடத் தொடங்கும். சேகரிக்கும் 48 மணித்தியாலமும் சீரமில்லா ஊடகம். எக்சோசோம் வெளிவருவதைத் தடுக்கும் ஜீடபிள்யூ4869 போடுவதானால் அனுப்பும் கலத்துக்குப் போடுங்கள், பெறும் கலத்துக்குப் போட்டால் அர்த்தமில்லை.

வந்தாறுமூலை_இறுதியாண்டு
மிக்க நன்றி சேர். கோளம் எண்ணுவதில் பிழை வருமா?

கல்லடி_கழிமுகம்
அதிலதான் கூட வரும். நெருக்கமாகப் போட்டால் கலங்கள் ஒன்றோடொன்று ஒட்டி உருண்டையாகும், அது வளர்ந்த கோளமில்லை. 40 மைக்குரோன் வடியால் தனிக்கலமாக்கி, மில்லிலீற்றருக்கு 1,000 கலத்துக்கு மேல் போகாமல், ஒட்டாத தட்டில் விதையுங்கள். ஒரு கிழமைக்குத் தட்டை ஆட்ட வேண்டாம். 50 மைக்குரோனுக்கு மேலுள்ளதை மட்டும் எண்ணி, அதை உடைத்து இரண்டாம் தலைமுறை விதையுங்கள். புதுப்பித்தல் அங்கேதான் தெரியும். கலந்து வளர்த்ததில் பைப்ரோபிளாஸ்டும் கோளத்துக்குள் புகும், ஒளிரும் புரதத்தால் ஒரு பக்கத்தை அடையாளமிடுங்கள். கோளத்தைக் கலமாகப் பிரிக்க றிப்சின் நொதியம் வேண்டாம், சீடி44-ஐக் கடித்துவிடும். மென்மையான நொதியக் கரைசலான அக்கியூற்றேஸ் நல்லது.

சம்மாந்துறை_நுணுக்குக்காட்டி
சீடி44 மட்டும் நம்பாதீங்க. சாதாரண வாய்த்தோலின் அடிப்படலத்திலும் அது இருக்கு. ஸ்டெம் கலங்களில் கூடுதலாக இயங்கும் ஆல்டிஹைட் டீஹைட்ரோஜினேஸ் நொதியச் சோதனையைச் சேருங்க, அந்த நொதியத்தின் தடுப்பான் போட்ட குழாய் ஒவ்வொரு முறையும் கட்டாயம். சீடி44 குறைந்த கலங்களையும் தனியாக வளர்த்து இரண்டு கிழமையில் திரும்பப் பாருங்க. அயற்கலத்தின் சைகையால் அவையும் ஸ்டெம் நிலைக்குத் திரும்பலாம். அப்படித் திரும்பினால் உங்கள் முன்மொழிவில் கனமான பகுதி அதுதான்.

நம்ம பக்கம் வெத்திலை, பாக்கு பழக்கம் கூட. பாக்கு வாய்க்குள் நார்த்தன்மையை உண்டாக்கும், அங்குள்ள பைப்ரோபிளாஸ்ட் சாதாரணமானது போல் நடக்காது. முடிந்தால் இரண்டு வகையையும் ஒப்பிடுங்க. நோயாளியின் இழையம் என்றால் நெறிமுறைக் குழுவின் அனுமதி முதலில், அதற்கு மாதக்கணக்கு எடுக்கும், இப்பவே விண்ணப்பியுங்க.