தாய்லாந்தில ரெண்டு மாதம் ஆங்கிலம் படிப்பிக்கக் கூப்பிடினம், போகலாமோ?

மல்லாவி_ரீச்சர்:

எல்லாருக்கும் வணக்கம். நான் மல்லாவி. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில ஆங்கிலத்தையும் ஒரு பாடமா எடுத்து கலைப்பட்டம் முடிச்சனான். அரச ஆசிரியர் நியமனம் வரும் வரும் எண்டு காத்துக்கொண்டு, இப்ப ரெண்டு ரியூசன் நிலையத்தில ஆறாம் வகுப்பில இருந்து ஓஎல் வரைக்கும் படிப்பிக்கிறன். ஒண்டு மல்லாவியில, மற்றது துணுக்காயில.

ஒரு பிள்ளைக்கு மாதம் 800 ரூபா வாங்கிறம். யூலை பிறந்தால் வகுப்பு மெலியத் துவங்கீடும். வவுனிக்குளத்துத் தண்ணியில சிறுபோகம் செய்யிற வீட்டுப் பிள்ளையள் காவலுக்கும் வெட்டுக்கும் நிண்டிடுவினம். வந்தாலும் காசு நெல்லு வித்தாப் பிறகுதான். அதில நான் குறை சொல்லேல்லை, எங்கட வீடும் அப்பிடித்தான். ஆனா அந்த ரெண்டு மாதமும் எனக்கு வருமானம் இல்லை. அந்த நேரத்தில எங்கயாவது வெளிநாட்டில போய் ஆங்கிலம் படிப்பிச்சிட்டு வரலாம் எண்டு கொஞ்ச நாளா யோசிக்கிறன்.

காசு மட்டும் காரணமில்லை. நான் ஆங்கில எழுத்துப் படிச்சது, போர் முடிய எங்களை வச்சிருந்த மெனிக்பாம் முகாமில. பத்து வயது. பக்கத்துக் கூடாரத்தில இருந்த அக்கா ஒராள், உலக உணவுத் திட்டத்தின்ர மாச்சாக்கில அடிச்சிருந்த எழுத்துகளைக் காட்டித்தான் எங்களுக்குச் சொல்லித் தந்தவ. அதில இருந்து இண்டைக்கு வரைக்கும் நான் படிச்சதும் படிப்பிக்கிறதும் எல்லாம் தமிழ் தெரிஞ்ச ஆக்களோடதான். தமிழ் தெரியாத ஒராளோட ஒரு மணித்தியாலம் ஆங்கிலத்தில கதைச்சுப் பார்த்ததில்லை. பிள்ளையளுக்கு முன்னால நிண்டு "இப்பிடித்தான் கதைக்கோணும்" எண்டு சொல்லேக்க அது எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கு.

போன கிழமை வட்ஸ்அப்பில ஒரு ஏஜென்சியிட்ட இருந்து ஒரு வேலை வந்தது. தாய்லாந்தில சிறுவர் சம்மர் காம்ப். யூலை 5இல இருந்து ஓகஸ்ட் 30 வரைக்கும், மாதம் 1,200 டொலர், சாப்பாடும் இருப்பிடமும் சும்மா. சுற்றுலாவுக்கு வாற மாதிரி வந்து இறங்கினால் வேலை விசாவை அங்க மாத்தித் தருவினமாம். எல்லாமா 350,000 ரூபா, அதில பாதி இந்த மாத முடிவுக்குள்ள கட்டோணும். போனில பத்து நிமிசம் நேர்முகம் செய்தவை. பேஸ்புக் பாவிக்கிறனோ, ஆங்கிலத்தில ஒரு நிமிசத்துக்கு எத்தினை சொல் டைப் பண்ணுவன் எண்டு கேட்டவை. நல்லாச் செய்தன் எண்டு சொல்லிச்சினம்.

அம்மா தன்ர காப்பை ஈடு வைக்கலாம் எண்டு எடுத்தும் வச்சிட்டா. அதாலதான் பயமாக் கிடக்கு. இது நம்பலாமோ? இல்லையெண்டால் லண்டன் பக்கம் சம்மர் ஸ்கூல் எண்டு சொல்லுற இடங்களுக்கு எங்கட ஆக்கள் போகலாமோ? என்ன சேர்டிபிக்கேற் வேணும்? தெரிஞ்சவை சொல்லுங்கோ.

---

கரடிப்போக்கு_அண்ணா:

தங்கச்சி, காசு கட்டாதேங்கோ. முதல்ல அந்த ஏஜென்சியின்ர அனுமதிப்பத்திர இலக்கத்தைக் கேளுங்கோ. இலங்கையில இருந்து வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புறதெண்டால் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின்ர அனுமதி இருக்கோணும், போற ஆளும் போக முதல் பதியோணும். பணியகத்துக்கு 1989 எண்ட இலக்கத்துக்கு அடிக்கலாம். போனில விளங்காட்டி துணுக்காய்ப் பிரதேச செயலகத்துக்கு நேர போய், வெளிநாட்டு வேலைவாய்ப்புக்குப் பொறுப்பான உத்தியோகத்தர் ஆர் எண்டு கேளுங்கோ. அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கோ, அவவும் தன்ர காதால கேட்கட்டும்.

---

விசுவமடு_மகள்:

தங்கச்சி, உங்கட பதிவை ரெண்டு தரம் வாசிச்சன். நான் விசுவமடு, இப்ப லண்டன். நாலு சம்மர் இங்க படிப்பிச்சிருக்கிறன்.

முதல்ல தாய்லாந்து. அங்க பள்ளிக்கூட வருசம் துவங்கிறது மே நடுப்பகுதியில. பெரிய விடுமுறை அதுக்கு முன்னால, மார்ச்சும் ஏப்ரலும். அவைக்கு அதுதான் கொதிக்கிற வெயில் காலம், சம்மர் காம்ப் நடக்கிறதும் அப்பதான். யூலை ஓகஸ்ட்டில அங்கத்தைப் பிள்ளையள் சீருடை போட்டு வகுப்பில இருப்பினம். அப்ப உங்களை ஆருக்குப் படிப்பிக்கக் கூப்பிடினம்? சட்டப்படி அங்க படிப்பிக்கிறதெண்டால் நொன்-பி எண்ட விசாவும் வேலை அனுமதிப்பத்திரமும் வேணும். அதுக்குரிய கடிதத்தைத் தாறது வேலைக்கு எடுக்கிற பள்ளிக்கூடம். சுற்றுலாப் பயணியா வா, பிறகு பாப்பம் எண்டு ஒரு ஒழுங்கான பள்ளிக்கூடம் சொல்லாது.

டைப்பிங் வேகம் கேட்டவை எண்டதை நீங்கள் ஒரு வரியில எழுதிப்போட்டுக் கடந்திட்டியள். எனக்கு அந்த வரியிலதான் நெஞ்சு திக்கெண்டது. தாய்லாந்து எல்லையில மே சொட் எண்டு ஒரு ஊர் இருக்கு. அங்க ஆத்தைக் கடந்தால் மியன்மாரின்ர மியாவடி. பாங்கொக்கில வேலை எண்டு கூட்டிக்கொண்டு போய், அங்க கணினி மோசடி முகாம்களில அடைச்சு வச்சிருந்த இலங்கைப் பிள்ளையளை 2024இல மீட்டது செய்தியில வந்தது. அந்த முகாம்களுக்குத் தேவையான ஆள் ஆங்கிலம் வேகமா டைப் பண்ணுற ஆள். படிப்பிக்கிறதைப் பற்றி ஒரு கேள்வியும் கேளாமல் டைப்பிங் கேட்டவையெண்டால், தங்கச்சி, அவையோட இனிக் கதையே வேண்டாம். அம்மாவின்ர காப்பு அம்மாவின்ர கையில இருக்கட்டும்.

இனி லண்டன். நான் மாணவ விசாவில வந்தனான். பட்டப்படிப்புக்கு வந்தவை தவணை நேரத்தில கிழமைக்கு 20 மணித்தியாலம்தான் வேலை செய்யலாம், விடுமுறையில முழுநேரம் செய்யலாம். அந்த விதியாலதான் எனக்குச் சம்மர் ஸ்கூல் கிடைச்சது. முதல் வருசம் படிப்பிக்க விடேல்லை. பின்னேர விளையாட்டுக்கும் சுற்றுலாவுக்கும் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போற வேலை. பஸ்ஸில ஏத்தி எண்ணுறது, இறக்கி எண்ணுறது, மியூசியத்துக்குள்ள விட்டு எண்ணுறது. அதுக்குப் பிறகு காசு சேர்த்துச் செல்ரா செய்தன். கேம்பிரிஜின்ர சேர்டிபிக்கேற், 120 மணித்தியாலம். அதில 6 மணித்தியாலம் உண்மையான வகுப்பில நிண்டு படிப்பிக்கோணும், பரிசோதிக்கிற ஆள் பின்னால இருந்து பாத்துக் குறிப்பெழுதுவார். முழுநேரமாச் செய்தால் நாலஞ்சு கிழமை. இப்ப அதை ஓன்லைனிலயும் செய்யலாம்.

வகுப்பெண்டு உள்ள போன முதல் திங்கள் எனக்கு மறக்காது. காலமை ஒரு சோதனை வச்சு மட்டம் பிரிச்சு, பதினாலு பிள்ளையளை என்னட்டத் தந்தவை. இத்தாலி, ஸ்பெயின், துருக்கி, சீனா. பன்ரெண்டில இருந்து பதினைஞ்சு வயது. ஒருத்தருக்கும் மற்றவரின்ர பாசை தெரியாது, எனக்கு ஒருத்தரின்ரயும் தெரியாது. ஊரில எண்டால் ஒரு சொல் விளங்காட்டித் தமிழில சொல்லிப்போட்டு அடுத்த வரிக்குப் போவம். இங்க அந்தக் கதவு பூட்டு. "பிஹைண்ட்" எண்டதை விளங்கப்படுத்தக் கதிரைக்குப் பின்னால நான் நாலு தரம் போய் நிண்டன். மத்தியானம் வெளியில கூட்டிக்கொண்டு போய் புல்லில சுண்ணாம்புக் கோடு போட்டு, மறிக்கிற ஆள் தொடாமல் கோடு தாண்டிற எங்கட கிளித்தட்டு விளையாட விட்டன். இடப்பக்கம், வலப்பக்கம், பின்னால, நில், ஓடு, தொட்டாச்சு எண்டு எல்லாத்தையும் ஆங்கிலத்தில கத்தினால்தான் கோட்டைத் தாண்டலாம் எண்டு விதி. ரெண்டு நாளில அந்தச் சொல் எல்லாம் வாயில வந்திட்டுது. பொறுப்பாசிரியை வந்து பாத்திட்டு, இந்த விளையாட்டை மற்ற வகுப்புக்கும் காட்டச் சொல்லிக் கேட்டவ. தங்கச்சி, வெட்டு நேரத்தில அரைவாசிப் பிள்ளையளோட வகுப்பு நடத்திற உங்களுக்கு இந்த வேலை வரும். இதை நான் மனசாரச் சொல்லுறன்.

ஆனா தடையா நிக்கிறது உங்கட ஆங்கிலம் இல்லை, பாஸ்போட். இங்க சம்மர் ஸ்கூல் எதுக்கு எழுதினாலும் முதல் கேள்வி, பிரித்தானியாவில வேலை செய்யிற உரிமை இருக்கோ எண்டதுதான். பார்வையாளர் விசாவில வேலை செய்யேலாது. இளையோருக்கெண்டு இருக்கிற வேலை விசாத் திட்டத்தில இலங்கை இல்லை. ஆறு கிழமை வேலைக்கு ஒரு நிறுவனமும் விசாவுக்குப் பொறுப்பு நிக்காது. கொரியாவிலயும் ஆங்கில ஆசிரியருக்கான ஈ-2 விசா பொதுவா ஏழு நாட்டுப் பாஸ்போட்டுக்குத்தான்: அமெரிக்கா, பிரித்தானியா, கனடா, அவுஸ்ரேலியா, நியூசிலாந்து, அயர்லாந்து, தென்னாபிரிக்கா. உங்களைவிட மோசமா இலக்கணம் எழுதுற ஆள் அந்தப் பாஸ்போட்டோட போவார். எனக்கு இதில கோபம் இருக்கு, மறைக்கேல்லை. மறுமொழி வராட்டி உங்களில பிழை எண்டு மட்டும் நினைச்சிடாதேங்கோ.

குறுகிய காலத்துக்கெண்டு சட்டப்படி இருக்கிற ஒரு வழி அமெரிக்காவின்ர ஜே-1 விசா, காம்ப் கவுன்சிலர் பிரிவு. 18 வயது தாண்டின மாணவர், ஆசிரியர், இளைஞரோட வேலை செய்யிற ஆக்கள் விண்ணப்பிக்கலாம். ஆகக்கூடியது 4 மாதம். ஆங்கிலப் பாடம் நடத்திற வேலை இல்லை, கோடைகால முகாமில பிள்ளையளைப் பாக்கிறது. ஆனா நாள் முழுக்க ஆங்கிலம். அந்த நாட்டு வெளிவிவகாரத் திணைக்களம் அங்கீகரிச்ச அமைப்புக்குள்ளால மட்டும்தான் போகலாம், பிறகு கொழும்புத் தூதரகத்தில நேர்முகம். இந்த வருசத்துக்குப் பிந்தீட்டுது, அடுத்த வருசத்துக்கு இப்பவே தேடத் துவங்கோணும்.

கடைசியா, தமிழ் தெரியாத ஒராளோட கதைச்சதில்லை எண்டு எழுதியிருந்தியள். அதுக்கு விமானம் ஏறத் தேவையில்லை. என்னோட செல்ரா செய்த ஒரு ரீச்சர் இருக்கிறா, லீட்சில. தமிழ் ஒரு சொல்லும் தெரியாது, ஆறுதலாக் கதைப்பா. அவவிட்டக் கேட்டிட்டன். ஞாயிறு காலமை இங்க 8 மணி, உங்களுக்குப் பகல் 12.30. ஒரு மணித்தியாலம். காசு ஒண்டும் வேண்டாம். சரியெண்டால் எனக்குத் தனிமடல் போடுங்கோ.

---

தோணிக்கல்_மாஸ்ரர்:

பிள்ளை, நான் மாலைதீவில ஆறு வருசம் படிப்பிச்சு வந்தனான். இலங்கை ஆசிரியர் கனபேர் அங்க இருக்கினம். அவையின்ர மொழியான திவேகியும் சமயமும் தவிர்ந்த பாடங்கள் ஆங்கில மொழியில நடக்கிறபடியால் உங்களுக்கு நல்ல பழக்கம் வரும். ஆனா ரெண்டு மாதத்துக்கு ஆள் எடுக்கிறதில்லை, ஒப்பந்தம் வருசக்கணக்கு. இறங்கின உடன குடுக்கிற 30 நாள் சுற்றுலா விசாவில வேலை செய்யப் போகாதையுங்கோ. வேலை அனுமதி கையில வந்தாப் பிறகுதான் ரிக்கற்.

நான் இருந்த தீவை இருபது நிமிசத்தில சுத்தி நடக்கலாம். மழைக்காலத்தில படகு ஓடாட்டி மரக்கறி இல்லை. தனியப் போற பெம்பிளைப் பிள்ளை எண்டால் இருப்பிடம் ஆரோட, சமையலறை இருக்கோ எண்டதை எழுத்தில கேட்டு வாங்குங்கோ. நான் கேளாமல் போய் முதல் மூண்டு மாதம் தனி மீனும் பாணும்தான்.

நியமனம் வந்தாலும் வராட்டியும் பேப்பரை இப்பவே ஒழுங்கு செய்யுங்கோ. பட்டச் சான்றிதழை வெளிவிவகார அமைச்சின்ர கொன்சியூலர் பிரிவில உறுதிப்படுத்தோணும். அதுக்கு யாழ்ப்பாணத்தில பிராந்திய அலுவலகம் இருக்கு. பொலிஸ் அறிக்கைக்கும் நாள் எடுக்கும். பாஸ்போட் வவுனியாவிலயே செய்யலாம், வந்தால் எங்கட வீட்டில நிண்டு போகலாம், மனுசியும் சொல்லச் சொன்னவ.

---

மல்லாவி_ரீச்சர்:

நேற்று அம்மாவோட பிரதேச செயலகத்துக்குப் போனன். உத்தியோகத்தர் அந்த ஏஜென்சியின்ர பேரை அனுமதி உள்ளவையின்ர பட்டியலில தேடிப் பாத்தார், இல்லை. திரும்பி வந்து அந்த வட்ஸ்அப் இலக்கத்துக்கு, பள்ளிக்கூடத்தின்ர பேரையும் கடிதத்தையும் அனுப்பச் சொல்லி எழுதினன். காசு கட்டினாப் பிறகு தருவம் எண்டு மறுமொழி வந்தது. யூலையில அங்க பள்ளிக்கூடம் நடக்கிற காலமெல்லோ எண்டு கேட்டன். அதோட என்னை புளொக் பண்ணிப்போட்டினம். என்னோட படிச்ச ரெண்டு பேருக்கும் அதே செய்தி வந்திருக்கு, அவைக்கும் இந்தப் பதிவை அனுப்பீட்டன். அம்மா காப்பைத் திரும்பப் போட்டிட்டா.

மாஸ்ரர், அடுத்த மாதம் பாஸ்போட்டுக்கு வவுனியா வருவன், அன்ரியைக் கேட்டதாச் சொல்லுங்கோ. அக்கா, ஞாயிறு 12.30க்குச் சரி. வீட்டில சிக்னல் ரெண்டு கோடுதான், குளக்கட்டு மருத மரத்தடியில நல்லா வரும், அங்க இருந்து கதைக்கிறன். காத்துச் சத்தம் கேட்டால் குறை நினைக்க வேண்டாம் எண்டு அவவுக்கு முதலே சொல்லி வையுங்கோ.

ஒண்டு கேக்கோணும். இந்தக் கிழமை ஏழாம் வகுப்புக்குக் கிளித்தட்டை ஆங்கிலத்தில விளையாட விடப்போறன். நடுக்கோட்டில ஓடுற கிளிக்கு ஆங்கிலத்தில என்ன பேர் சொல்லிக் குடுத்தனீங்கள்?

---

விசுவமடு_மகள்:

கிளி எண்டுதான். பதினாலு பேரும் "கிளி வருது" எண்டு தமிழிலதான் கத்தினவை.