உதவி: ரசீதில் ‘நாகர்கோவில்’ உடைகிறது, பிழையை யாரிடம் சொல்வது?

மார்த்தாண்டம்_ரசீது: குலசேகரம், அருமனைப் பக்கத்து ரப்பர் கடைகளுக்கு ரசீது அச்சிடும் மென்பொருளை இரண்டு பேர் பராமரிக்கிறோம். பிடிஎஃப் லைப்ரரியைப் புதிய பதிப்புக்கு மாற்றியதிலிருந்து, குறுகிய முகவரிக் கட்டத்தில் முதல் வரி ‘நாகர்க’ என்று முடிகிறது. அடுத்த வரி ‘◌ோ’ என்று புள்ளி வட்டத்தோடு தொடங்குகிறது. கொல்லங்கோட்டுக்கும் இதே கதி. சொந்த ஊரின் பெயர் சிதைந்த ரசீதை ஒரு விவசாயி வாங்க மறுத்துவிட்டார். அவர் செய்தது சரி. எங்களிடம் உள்ள லைப்ரரி நகலிலேயே திருத்தினேன், தீர்ந்தது. இதோடு எங்கள் பிழைப் பட்டியலில் இதை மூடிவிடலாமா? லைப்ரரி எழுதுகிறவர்களுக்குத் தமிழ் தெரியாது.

தக்கலை_நிரலர்: பிழை அவர்களுடையதுதானா என்று முதலில் உறுதிசெய்யுங்கள். எழுத்துகளைச் சேர்த்து வடிவம் கொடுக்கும் ஹார்ஃப்பஸ் என்ற நிரலோடு வரும் ஹெச்பி-வியூ கருவியில் அதே எழுத்துருவைக் கொடுத்து முழுச் சொல்லை வரையுங்கள். பிறகு ‘ோவில்’ என்பதை மட்டும் தனியாகக் கொடுங்கள்.

மார்த்தாண்டம்_ரசீது: முழுச் சொல் சரியாக வருகிறது. தனியாகக் கொடுத்தால் அதே வட்டம்!

கோட்டாறு_அண்ணாச்சி: அப்படியானால் எழுத்துருவிலும் ஹார்ஃப்பஸ்ஸிலும் குற்றமில்லை தம்பி. எழுத்துகளுக்குக் குறியீட்டு எண் தரும் யூனிகோடில் ‘கோ’ என்பது க, ோ என்று இரண்டு குறியீடுகள். புதிய பதிப்பு நீண்ட சொற்களை முறிக்கும்போது குறியீடுகளை எண்ணி முறிக்கிறது, எழுத்தைப் பார்க்கவில்லை. இவை பிரியக்கூடாது என்று யூனிகோடின் 29-ஆம் பின்னிணைப்பில் விதியே இருக்கிறது.

தமிழ் தெரியாதவர்களுக்குப் புரியவைக்க வழி உண்டு. பிரெஞ்சு மொழியில் உச்சக்குறி ஏறிய எழுத்தை, எழுத்தும் குறியும் தனித்தனிக் குறியீடுகளாக எழுதிக் கொடுங்கள். அதுவும் அதே இடத்தில் முறியும். தங்கள் கண்ணாலேயே பார்த்துவிடுவார்கள். உங்கள் ரசீது நிரலை அனுப்பாதீர்கள், அதை யாரும் படிக்க மாட்டார்கள். பத்து வரிச் சோதனை நிரல் போதும். ஆனால் அவர்களுடைய இன்றைய வளர்ச்சிக் கிளையில், அதாவது இன்னும் வெளியிடாத நிரலில், ஓட்டிப் பார்த்த பிறகே அனுப்புங்கள். ஏற்கெனவே யாராவது புகார் எழுதியிருந்தால் அதிலேயே சேருங்கள்.

குளச்சல்_கடை: கடையில் ஆள் காத்திருக்கும்போது இதற்கெல்லாம் ஏது நேரம்? நகலில் திருத்தியாகிவிட்டதே.

கோட்டாறு_அண்ணாச்சி: கடைக்கு இன்றைக்கே திருத்தம் வேண்டும்தான், மறுக்கவில்லை. ஆனால் நகலுக்குள் புதைத்த திருத்தம் அடுத்த மேம்படுத்தலில் சத்தமில்லாமல் அழிந்துபோகும். அதைத் திருத்தம் மட்டுமே உள்ள தனி பேட்ச் கோப்பாக வைத்து, தலையில் அவர்களுடைய புகாரின் இணைப்பை எழுதுங்கள். லைப்ரரியின் பதிப்பு தானாக மாறாதபடி நிலைநிறுத்துங்கள். ‘நாகர்கோவில்’ முறிகிறதா என்று பார்க்கும் சோதனையும் உங்கள் பக்கம் இருக்கட்டும்.

மார்த்தாண்டம்_ரசீது: எழுதினேன். பிரெஞ்சு எழுத்தைப் பார்த்ததும் அன்றிரவே பதில் வந்தது. திருத்தத்தோடு தமிழ்ச் சோதனையையும் கேட்டு வாங்கிச் சேர்த்துக்கொண்டார்கள். இப்போது எங்கள் பிழையை மூடலாமா அண்ணாச்சி?

கோட்டாறு_அண்ணாச்சி: வேண்டாம். கிளையில் சேர்ந்திருக்கிறது, பதிப்பாக இன்னும் வெளிவரவில்லை. வந்ததும் பேட்சை எடுத்துவிட்டுச் சோதனையை ஓட்டுங்கள், தேறினால் மூடுங்கள்.

மார்த்தாண்டம்_ரசீது: சரி அண்ணாச்சி. ‘லைப்ரரியின் அடுத்த பதிப்புக்குக் காத்திருக்கிறது’ என்று குறித்து, திறந்தே வைத்திருக்கிறேன்.