மறு: ஹம்பக்கருக்கு ‘இரைச்சல்நீக்கி’ பொருந்துமா?

> ‘இரைச்சல்நீக்கி’ எளிமையாக இருக்கிறது. இதையே வைத்துக்கொள்ளலாம்.

ஐயா, எளிமைதான். எலெக்ட்ரிக் கிட்டாரில் தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பாகம் பிக்கப். அதில் ‘ம்ம்ம்’ என்ற சத்தத்தை அடக்கும் வகைதான் ஹம்பக்கர். ஆனால் ‘இரைச்சல்நீக்கி’ என்ற சொல்லை நம்பினால் கைக்காசு போகும். எனக்குப் போனது.

பழைய எலெக்ட்ரிக் கிட்டார் ஒன்றை 3,500 ரூபாய்க்கு வாங்கினேன். சீர்செய்ய ஒதுக்கியது ஆயிரம். ஆம்ப்பில் (ஒலிபெருக்கியில்) செருகியதும் இரண்டு சத்தம். ஒன்று கடுகு பொரிவதுபோல் ஒரு கரகரப்பு. தந்தியில் கை வைத்தால் குறையும். இன்னொன்று அடியில் ஓயாத ‘ம்ம்ம்’. இங்கே பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் காப்பர் டேப் வாங்கி, உள்குழி முழுக்க ஒட்டி, எர்த் ஒயரோடு சோல்டர் வைத்தேன். கரகரப்பு போயே போச்சு. ‘ம்ம்ம்’ மட்டும் அசையவில்லை. கிட்டாரை மடியில் வைத்தபடி சுழல்நாற்காலியில் மெல்லத் திரும்பினால் ஒரு பக்கம் கூடுகிறது, ஒரு பக்கம் ஏறக்குறைய அடங்குகிறது.

அது 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் காந்தப்புலம் பிக்கப்பின் சுருளுக்குள் நுழைவதால் வருவது. கரகரப்பு வந்தது மின்புலத்தால். மெல்லிய செம்பு மின்புலத்தைத் தடுக்கும், இந்தக் காந்தப்புலத்தைத் தடுக்காது. நோய் இரண்டு, மருந்தும் இரண்டு. இரண்டையும் ‘இரைச்சல்’ என்று எழுதிவைத்தால் படிப்பவரும் என்னைப்போல் டேப் வாங்கி ஒட்டுவார்.

எனவே ‘ம்ம்ம்’ என்பதற்கு முரல். வண்டு முரலும் என்று பாட்டில் படித்ததுதானே.

அப்புறம் ஹம்பக்கர். கிப்சன் கிட்டார் நிறுவனத்தில் சேத் லவர் 1955இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தது. எதிரெதிராக இணைத்த இரண்டு சுருள்கள், காந்த முனைகளும் எதிரெதிர். தந்தியின் அதிர்வு இரண்டிலும் கூடிக்கொள்ளும். வெளியிலிருந்து வரும் முரல் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். இது நீக்குவதில்லை, முரலை வைத்தே முரலை முறிக்கிறது. நஞ்சுமுறி போல முரல்முறி என்கிறேன்.

——

> எங்கள் கடற்கரைப் பக்கம் முரல் என்றால் மீன், தம்பி. தவிர, கடையில் போய் ‘முரல்முறி கொடுங்கள்’ என்றால் கிடைக்குமா?

மீன் கடையில் கிட்டார் விற்பதில்லை அண்ணா, குழப்பம் வராது. எஸ்.பி. ரோட்டில் நான் பேசுவதே அரைகுறைக் கன்னடம். அங்கே ஹம்பக்கர் ஹம்பக்கராகவே இருக்கட்டும். சொல் நாம் எழுதும்போது வேண்டும்.

> சரி, முரல்முறி வாங்கி மாட்டினீர்களா?

எங்கே? டேப்புக்கும் சோல்டருக்கும் போக மிச்சம் அதற்குப் போதவில்லை. தெரிந்தவர் ஒருவர் கழற்றிப்போட்ட பழைய பிக்கப் கிடைத்தது. அடியில் ஒட்டியிருந்த காந்தக் கட்டையைப் பெயர்த்து, சுருளை மட்டும் உள்ளே ஒளித்து, ஒயர்களை மாற்றிப்போட்டு வரிசையில் இணைத்தேன். காந்தம் இல்லாததால் தந்தி அதற்குக் கேட்காது, முரல் மட்டும் கேட்கும். உச்சத்தொனி கொஞ்சம் மங்கியது உண்மை. ஆனால் நாற்காலியை எந்தப் பக்கம் திருப்பினாலும் இப்போது முரல் பெரிதாகத் தெரியவில்லை. இதை ஆங்கிலத்தில் டம்மி காயில் என்பார்கள். ஊமைக்காயம், ஊமைவெயில் வரிசையில் ‘ஊமைச்சுருள்’ என்று குறித்து வைத்திருக்கிறேன். மாற்றுச் சொல் இருந்தால் எழுதுங்கள்.