பிடித்த வேலையைத் தேடிப் போவதா, செய்கிற வேலையில் தேர்ச்சி பெறுவதா?

மின்மினி (இழையைத் தொடங்கியவர்):

எனக்கு 24 வயசு. வணிகவியல் படிச்சுட்டு ஒரு நிறுவனத்தோட கணக்குப் பிரிவுல வேலை பாக்கறேன். வேலை கஷ்டமில்ல, வெறுப்பும் இல்ல. ஆனா இதையே இன்னும் முப்பது வருஷம் செய்யணும்னு நினைச்சா மனசு ஒப்ப மாட்டேங்குது. யாரைக் கேட்டாலும் "உனக்கு எது பிடிக்கும்னு முதல்ல கண்டுபிடி"ங்கறாங்க. அதை எப்படிக் கண்டுபிடிக்கறதுன்னுதான் தெரியல. வடிவமைப்பு கத்துக்க ஆரம்பிச்சேன், கொஞ்ச நாள்ல சலிச்சுப் போச்சு. எழுதிப் பாத்தேன், அதுவும் அப்படியே. இணையத்துல ஒரு ஆர்வத் தேர்வு எழுதினேன். ஆய்வு, சமூகம்னு ரெண்டு வகை மேல வந்துச்சு. அதை வெச்சு என்ன பண்றது?

எனக்கான வேலைன்னு ஒண்ணு நிஜமாவே இருக்கா? இருந்தா, இதை விட்டுட்டுத் தேடணுமா, இதுல இருந்துகிட்டே தேடணுமா?

தூரிகை:

விட்டுட்டுத் தேடுங்க தம்பி. கணக்குப் பிரிவுலதானே இருக்கீங்க, இதையும் போட்டுப் பாருங்க. ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 5 நாள், வருஷத்துக்கு 50 வாரம், 40 வருஷம். மொத்தம் 80,000 மணி நேரம். தூக்கத்தைத் தவிர வேற எதுக்கும் நாம இவ்வளவு நேரம் குடுக்கறதில்ல. "வெறுப்பில்ல"ங்கற ஒரே காரணத்துக்காக அத்தனையையும் ஒரு வேலைக்கு எழுதிக் குடுத்துடலாமா?

பொருளாதார அறிஞர் ஸ்டீவன் லெவிட் ஒரு ஆய்வு செஞ்சார். வேலையை விடறதா, உறவை முறிக்கறதான்னு முடிவெடுக்க முடியாமத் தவிச்சவங்களை இணையத்துல நாணயம் சுண்டச் சொன்னார். 2021-ல அது ஆய்விதழ்ல வந்துச்சு. பெரிய மாற்றம் செஞ்சவங்க, ஆறு மாசம் கழிச்சுப் பாத்தப்போ, பழைய நிலையிலேயே இருந்தவங்களைவிட சந்தோஷமா இருந்தாங்க. தேவைக்கு மேல பொறுத்துப் போறதுதான் நம்ம இயல்புன்னு எனக்கு அதுல தெரியுது.

கணக்கன்:

அந்த ஆய்வை முழுவதுமாகச் சொல்லுங்கள், தூரிகை. நாணயம் சுண்ட வந்தவர்கள் ஏற்கெனவே இரண்டு மனமாக இருந்தவர்கள். எதிலிருந்து எதற்கு மாற நினைக்கிறோம் என்பது அவர்களில் பலருக்குத் தெரிந்திருக்கலாம். மின்மினியிடம் விடுவதற்கு ஒரு வேலை இருக்கிறது; போய்ச் சேர இடம் இல்லை. அவருக்கு அந்த முடிவை அப்படியே பொருத்துவது நியாயமில்லை.

ஆர்வம் எங்கோ ஒளிந்திருக்கிறது, தேடினால் அகப்பட்டுவிடும் என்கிற நம்பிக்கையைத்தான் நான் கெடுதல் என்பேன். பால் ஓகீஃப், கரோல் டிவெக், கிரெகரி வால்டன் மூவரும் 2018-ல் இதைப் பற்றி ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். கருந்துளைகள் பற்றிய எளிய காணொளி ஒன்றைக் காட்டினார்கள், பார்த்தவர்களுக்குப் பிடித்திருந்தது. பிறகு அதே விஷயத்தில் கடினமான கட்டுரை ஒன்றைப் படிக்கக் கொடுத்தார்கள். ஆர்வம் என்பது ஒருவருக்குள் முன்பே அமைந்துவிட்டது என்று நம்பியவர்களுக்கு அங்கே ஆர்வம் அதிகமாகச் சரிந்தது. வளர்த்துக்கொள்ளலாம் என்று நம்பியவர்களுக்கு அந்த அளவு சரியவில்லை. மின்மினி, உங்கள் வடிவமைப்புக்கும் எழுத்துக்கும் நடந்தது இதுதானா என்று யோசியுங்கள். சலித்தது எந்தக் கட்டத்தில்? விளையாட்டாக இருந்தது உழைப்பாக மாறிய கட்டத்திலா?

எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் என்ற உளவியலாளர்கள் மனம் ஒன்றி வேலை செய்ய மூன்று தேவைகளைச் சொன்னார்கள்: தானே முடிவெடுக்கும் இடம், செய்வதில் தேர்ச்சி, உடன் இருப்பவர்களோடு பிணைப்பு. தேர்ச்சி உழைத்தால்தான் வரும். மின்சார ஆய்வுகளுக்குப் பேர்போன விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே 14 வயதில் புத்தகம் கட்டும் கடையில் தொழில் பழகச் சேர்ந்தவர். "எனக்குப் பிடித்தது எது" என்று அவர் வீட்டில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருக்கவில்லை. சித்திரமும் கைப்பழக்கம்.

தூரிகை:

கணக்கன் சார், ஃபாரடே எனக்குத்தான் சாட்சி. கட்டறதுக்கு வந்த புத்தகங்களைப் பிரிச்சுப் படிச்சு, அதுல மின்சாரத்துலயும் வேதியியல்லயும் மனசைப் பறிகுடுத்து, கடைசியில புத்தகக் கட்டை விட்டுட்டே போனவர் அவர். 1813-ல லண்டன்ல ராயல் இன்ஸ்டிட்யூஷன்ங்கற அறிவியல் நிறுவனத்துல உதவியாளராச் சேர்ந்தார். நீங்க சொல்ற மாதிரி கையில இருந்த தொழில்லயே தேர்ச்சியடைஞ்சு நின்னிருந்தா, ரொம்ப நல்ல புத்தகக் கட்டுநர் ஒருத்தர் கிடைச்சிருப்பார், அவ்வளவுதான்.

கணக்கன்:

எப்போது போனார் என்று பாருங்கள். ஏழு ஆண்டுப் பயிற்சியை முழுதாக முடித்த பிறகு. எப்படிப் போனார்? அங்கிருந்த வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்டு எடுத்த குறிப்புகளைத் தானே புத்தகமாகக் கட்டி டேவிக்கே அனுப்பினார். பழைய தொழிலின் தேர்ச்சிதான் புதிய கதவைத் தட்டியது. வேலையில் இருந்துகொண்டே படித்தார், கூட்டங்களுக்குப் போனார், சோதனைகள் செய்து பார்த்தார். விட்டுவிட்டுத் தேடியவரில்லை. போகவே கூடாது என்று நான் எங்கும் சொல்லவில்லை.

வேர்:

இருவரும் நன்றாக வாதாடுகிறீர்கள். ஆனால் மின்மினியின் வருமானத்தை நம்பி வீட்டில் எத்தனை பேர் என்று ஒருவரும் கேட்கவில்லை. கடன் உண்டா? வேலை இல்லாமல் எத்தனை மாதம் தாங்கும்? இது தெரியாமல் "விடு" என்பதும் "விடாதே" என்பதும் வெறும் பேச்சு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வேலை என்றாலே அது வாழ்வின் அர்த்தமாக இருக்க வேண்டும் என்று இன்றைய பிள்ளைகள் தலையில் ஒரு பாரம் ஏற்றப்படுகிறது. அது எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஏமி ரெஸ்னியூஸ்கி என்ற ஆய்வாளரும் குழுவினரும் 1997-ல் எழுதிய கட்டுரையில் மூன்று வகை மனிதர்களைக் காட்டினார்கள். வேலையைப் பிழைப்பாகப் பார்ப்பவர், முன்னேறும் படியாகப் பார்ப்பவர், தன் வாழ்வின் அழைப்பாகப் பார்ப்பவர். கவனிக்க வேண்டியது என்னவென்றால், ஒரே மாதிரி அலுவலக உதவியாளர் வேலையில் இருந்தவர்களைத் தனியே எடுத்துப் பார்த்தபோதும் மூன்று வகையும் ஏறக்குறையச் சமமாக இருந்தன. அதே மேசை, அதே கோப்பு. நேர்மையாக உழைத்து, சம்பளம் வாங்கி, மாலையில் தனக்குப் பிடித்ததைச் செய்கிறவர் வாழ்க்கையை வீணடிக்கிறார் என்று யாரும் சொல்லிவிட முடியாது.

தூரிகை:

அண்ணா, பொறுப்பு இருக்கறவங்களுக்கு நீங்க சொல்றது சரி. ஆனா "மாலையில் பிடித்ததைச் செய்" அப்படிங்கறது பல பேருக்கு நடக்கறதே இல்ல. வேலை முடிஞ்சு வரும்போது உடம்புலயும் மனசுலயும் என்ன மிச்சம் இருக்கு? பிழைப்பு வேற, பிடிச்சது வேறன்னு பிரிச்சு வெச்சவங்கள்ல பாதிப் பேரு பிடிச்சதை மறந்தே போயிடறாங்க. சுத்தி எத்தனை பேரைப் பாக்கறோம்!

அலைவரிசை:

வேலைக்கு ஆள் எடுக்கற இடத்துல ரொம்ப நாளா இருக்கேன். அங்க தினமும் பாக்கறதைச் சொல்றேன்.

நீங்க எல்லாரும் துறையைப் பத்திப் பேசறீங்க. வேலையில இருக்கறவன் வாழறது துறையில இல்ல, அன்றாடத்துல. சட்டம் பிடிக்கும்னு வர்றவங்க நீதிமன்ற வாதத்தை மனசுல வெச்சுட்டு வர்றாங்க. நாளோட பெரும்பகுதி ஆவணம் படிக்கறதும், மனு எழுதறதும், ஒத்திவைச்ச வழக்குக்கு மறுபடி போறதுமா இருக்கும். மென்பொருள்னு வந்தா, புதுசா எழுதறதைவிட யாரோ எப்பவோ எழுதி வெச்சதைப் படிச்சுப் புரிஞ்சுக்கறதுலயும் பிழை தேடறதுலயும்தான் பொழுது போகும். ஆசிரியர்னா பாடம் நடத்தற நேரம் ஒரு பங்கு. விடைத்தாள், பதிவேடு, பெற்றோர் சந்திப்புன்னு மிச்சம் எல்லாம் வேற. செவிலியர் வேலைக்குக் கருணை மட்டும் போதாது, இரவுப் பணியைத் தாங்கற உடம்பு வேணும், வலியில கத்தற ஒருத்தர்கிட்ட அஞ்சாவது தடவையும் அதே நிதானத்தோட பேசற மனசு வேணும். இந்தச் சலிப்பான பகுதி உங்களுக்குத் தாங்குமா, தாங்காதா? என் அனுபவத்துல ஒருத்தர் நிலைக்கறதும் ஓடறதும் இதை வெச்சுத்தான்.

அதனால ஒரு வேலையில இருக்கறவங்களைப் பாத்தா "உங்க வேலை பிடிச்சிருக்கா"ன்னு கேக்காதீங்க. நாலு பேரு என்ன சொல்வாங்களோ அதைத்தான் சொல்வாங்க. "நேத்து காலையில வந்ததுலேருந்து கிளம்பற வரைக்கும் என்னென்ன செஞ்சீங்க"ன்னு கேளுங்க. அந்தப் பதில்ல இருக்கற வேலைகளை உங்களால ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமையும் செய்ய முடியுமான்னு பாருங்க.

ஆர்வத் தேர்வு பத்திக் கேட்டீங்க மின்மினி. ஆர்வங்களை ஆறு வகையாப் பிரிக்கற அந்த முறை ஜான் ஹாலண்டுங்கற உளவியலாளரோடது. 1959-ல இருந்து அவர் வளர்த்தெடுத்த கோட்பாடு. திசை காட்டும், ஊர் பேரு சொல்லாது. ஆய்வும் சமூகமும் சேர்ந்து வந்தா மருத்துவம், உளவியல், ஆசிரியப் பணி, ஆராய்ச்சின்னு ஒரு பெரிய பரப்பே இருக்கு. அதுல எந்தப் பக்கம்ங்கறது செஞ்சு பாத்தாதான் தெரியும்.

நிழல்:

எல்லாம் சரிங்க, செயற்கை நுண்ணறிவு வந்துட்டு இருக்கற நேரத்துல எது நிலைக்கும்னு பாத்துத் தேர்ந்தெடுக்கறதுதானே புத்திசாலித்தனம்? கணக்கு வேலையே போயிடும்ங்கறாங்க.

கணக்கன்:

செயற்கை நுண்ணறிவுத் துறையின் முன்னோடி ஜெஃப்ரி ஹிண்டன் 2016-ல் கதிரியக்கப் பட நிபுணர்களைப் பயிற்றுவிப்பதை நிறுத்திவிடலாம் என்றார். ஐந்தாண்டில், அதிகம் போனால் பத்தாண்டில், கணினி அவர்களை மிஞ்சிவிடும் என்பது அவர் கணிப்பு. பல நாடுகளில் இன்றும் அந்த மருத்துவர்களுக்குப் பற்றாக்குறைதான். அந்த நுட்பத்தை உருவாக்கியவருக்கே பிடிபடாத எதிர்காலத்தை வைத்து நாம் நாற்பது ஆண்டுக்குத் திட்டம் போட முடியாது. ஒரு வேலையில் கற்பது இன்னொரு வேலைக்கு எவ்வளவு தூரம் கூட வரும் என்று பார்ப்பது நல்லது. கணக்குப் பதிவை மட்டும் கற்றவருக்கு ஆபத்து உண்டு. அந்த எண்களைப் பார்த்து நிறுவனத்தில் எங்கே கசிகிறது என்று சொல்லக் கற்றவரை எங்கும் வரவேற்பார்கள்.

அலைவரிசை:

இதோட இன்னொண்ணு சேத்துக்கறேன். ஜோர்டி குவாட்பாக், டேனியல் கில்பர்ட், டிமதி வில்சன் 2013-ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. 18-லேருந்து 68 வயசு வரை 19,000 பேருக்கு மேல. கடந்த பத்து வருஷத்துல நாம ரொம்ப மாறிட்டோம்னு எல்லா வயசுக்காரங்களும் ஒத்துக்கறாங்க. அடுத்த பத்து வருஷத்துல அவ்வளவு மாற மாட்டோம்னும் நம்பறாங்க. 34 வயசு மின்மினிக்கு என்ன பிடிக்கும்னு 24 வயசு மின்மினியால முடிவு பண்ண முடியாது. "வாழ்நாள் வேலை"ங்கற கேள்வியைத் தள்ளி வெச்சுட்டு, அடுத்த மூணு நாலு வருஷத்துக்கு எதுன்னு கேட்டா பதில் வரும்.

மின்மினி:

எல்லாத்தையும் ரெண்டு தடவை படிச்சேன். வேர் அண்ணா, அம்மா மட்டும்தான் என்னை நம்பி இருக்காங்க, கடன் இல்ல. சேமிப்பு அஞ்சாறு மாசம் தாங்கும்.

கணக்கன் கேட்ட கேள்விக்கு: ஆமா, திருத்தம் திருத்தமா வர ஆரம்பிச்சப்பதான் வடிவமைப்பு சலிச்சுது. எழுத்துல அப்படி இல்ல. அதுல யாருக்காக எழுதறோம்னே தெரியாமப் போச்சு. அலைவரிசை சொன்ன மாதிரி என் அன்றாடத்தையே பிரிச்சுப் பாத்தேன். புதுசா சேர்றவங்களுக்குக் கணக்கு மென்பொருள் சொல்லிக் குடுக்கற வேலையை எப்பவும் நானே கேட்டு வாங்கிக்கறேன். ஒரே விஷயத்தை மூணு பேருக்கு மூணு விதமாச் சொல்ல வேண்டியிருந்தாலும் அலுப்பு வரல.

தூரிகை:

இதைத்தான் முதல்லயே சொல்லியிருக்கணும் தம்பி! ஆசிரியப் பயிற்சியில சேருங்க. இதுக்கு மேல என்ன அடையாளம் வேணும்?

கணக்கன்:

அவசரம். நிறுவனங்களுக்குள்ளேயே பணியாளர்களுக்குப் பயிற்சி தரும் பதவிகள் இருக்கின்றன. அவருடைய கணக்கு அனுபவம் அங்கே அப்படியே பயன்படும். பள்ளிக்குப் போனால் அதில் பாதி வீண்.

அலைவரிசை:

ரெண்டு பேருமே அவருக்கு வேலையே குடுத்துட்டீங்க. புதுசா சேர்ந்தவங்க கத்துக்கணும்னு வந்து உக்கார்றவங்க, அவங்களுக்குச் சம்பளம் அதுல இருக்கு. கத்துக்க விருப்பமே இல்லாத முப்பது பிள்ளைங்க முன்னாடி நின்னா அதே மகிழ்ச்சி இருக்குமான்னு இன்னும் தெரியாது. வார இறுதியில இலவச வகுப்பு எடுக்கற ஏதாவது ஒரு இடத்துல சேருங்க. முதல் வகுப்பை வெச்சு முடிவு பண்ணாதீங்க, ஒரு பருவம் முழுக்கப் போங்க. விடைத்தாள் திருத்தறதையும் கேட்டு வாங்குங்க.

தூரிகை:

இதுல எனக்கு உடன்பாடு இல்ல. வாரம் முழுக்க உழைச்சுக் களைச்சவர் ஞாயித்துக்கிழமை வகுப்பு எடுத்தா, அந்தக் களைப்பையே "எனக்கு இது ஒத்து வரல"ன்னு தப்பாப் புரிஞ்சுக்குவார். அரை மனசாச் செஞ்ச சோதனை அரைகுறைப் பதில்தான் சொல்லும். பாதுகாப்பா பரிசோதிக்கறேன்னு சொல்லிக்கிட்டே பத்து வருஷம் ஓட்டறவங்க இருக்காங்க. குறைஞ்சபட்சம் ஒரு கெடு வையுங்க மின்மினி, அதை இங்கயே எழுதுங்க.

வேர்:

கெடு வைப்பது நல்லது. அதுவரை சேமிப்பை ஒரு வருடத்துக்குத் தாங்கும் அளவு உயர்த்தப் பாருங்கள். அம்மாவிடம் இப்போதே பேசிவிடுங்கள், முடிவெடுத்த பிறகு அல்ல.

மின்மினி:

அம்மாகிட்ட இன்னிக்கே பேசறேன். அடுத்த மாசம் தொடங்கற வார இறுதி வகுப்புக்குப் பேர் குடுத்துட்டேன். எட்டாம் வகுப்புப் பிள்ளைங்களுக்குக் கணிதம். அலுவலகத்துல பயிற்சிப் பிரிவுக்கு மாத்திக் கேக்க முடியுமான்னு மேலாளர்கிட்டயும் விசாரிக்கறேன். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தாதான் எனக்குப் பிடிச்சது பிள்ளைங்களா, பாடமா, சொல்லிக் குடுக்கறதான்னு பிரிச்சுப் பாக்க முடியும். தூரிகை கேட்ட கெடு: பருவம் முடியற வாரம். விடைத்தாள் கட்டைப் பாத்தும் அடுத்த பருவத்துக்குப் போகணும்னு இருந்தா ஆசிரியப் பயிற்சிக்கு விண்ணப்பம் போடறேன்.

தூரிகை:

விண்ணப்பக் கடைசித் தேதி பருவம் முடியறதுக்கு முன்னாடியே வந்துடப் போகுது, இப்பவே பாத்து வெச்சுக்கோங்க.